வீட்டுக்குள் ஒரு ஸ்டீல் பான் அருங்காட்சியகம்: போய்ப் பார்க்க என்ன இருக்கிறது?

ஆகஸ்ட் 11 – வாசகர் ஒருவர் கேட்டது

இன்று உலக ஸ்டீல் பான் தினமாம். ஜனவரியில் குடும்பத்தோடு டிரினிடாட் போகிறோம். போர்ட் ஆஃப் ஸ்பெயினில் யாரோ ஒரு பெரியவர் தன் வீட்டு அறைகளில் பழைய பான்களை அடுக்கி, அருங்காட்சியகம் என்று வைத்திருக்கிறாராம். அதற்காக அரை நாள் செலவழிக்க வேண்டுமா? எண்ணெய் பீப்பாயைத் தட்டுகிற வாத்தியம், யூடியூபில் கேட்டால் போதாதா? கண்டுபிடித்தவர் விண்ஸ்டன் 'ஸ்ப்ரீ' சைமன் என்று படித்தாயிற்று. அதற்கு மேல் என்ன இருக்கிறது?

ஆகஸ்ட் 11, இரவு 9.50

தாராளமாகப் போங்கள். வேலை நிமித்தம் அங்கே தங்கியிருந்தபோது பெல்மாண்ட் பக்கம் இப்படி ஒரு வீட்டுக்குப் போயிருக்கிறேன். விலாசத்தை இங்கே எழுதவில்லை, அவர்கள் குடியிருக்கிற வீடு அது. ஏதாவது ஒரு பான்யார்டில் கேட்டால் வழி சொல்லிவிடுவார்கள். (பேண்ட்காரர்கள் வாத்தியங்களை வைத்துப் பயிற்சி எடுக்கிற திறந்தவெளிக்குப் பான்யார்டு என்று பெயர்.)

முன்கூடத்தில் சோபா கிடையாது. அந்த இடத்தை ஆறு முழுப் பீப்பாய்கள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அதுதான் சிக்ஸ் பேஸ். பீப்பாய்க்கு மூன்று ஸ்வரம், மொத்தம் 18. வாசிப்பவர் நடுவில் நின்று இப்படியும் அப்படியும் திரும்பித் திரும்பி அடிக்க வேண்டும். பக்கத்து அறையில் சுவர் முழுக்க மற்ற பான் வகைகள்: டெனர் (மெட்டு வாசிக்கிற உச்ச ஸ்தாயி பான்), டபுள் செகண்ட், கிட்டார், செல்லோ. ஜன்னலோரம் ஒரு மேசை. அதில் பிஸ்கட் டின், பெயின்ட் டப்பா, காஸ்டிக் சோடா டின், ஏதோ பழைய காரின் பிரேக் டிரம். வருகிறவர்கள் பெரும்பாலும் அந்த மேசையைத் தாண்டிப் பளபளப்பான குரோம் பான்களிடம் போய்விடுகிறார்கள் என்று பெரியவருக்கு வருத்தம். நீங்கள் அங்கேயே ஆரம்பியுங்கள்.

யூடியூப் போதாது. ஏன் என்று நாளைக்கு எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 12, காலை

முதலில் அந்த மேசை.

1881-இல் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் கான்பூலே கலவரம் நடந்தது. கார்னிவல் என்ற தெருத் திருவிழாவை ஒட்டித் தீப்பந்தத்தோடு வந்த ஊர்வலத்தைப் போலீஸ் தடுக்கப்போய் மூண்ட சண்டை. அதற்குப் பிறகு பிரிட்டிஷ் அரசு சட்டத்துக்கு மேல் சட்டம் போட்டு ஆப்பிரிக்க மரபில் வந்தவர்களின் முரசைத் தெருவிலிருந்து விரட்டியது. அதே காலத்தில், 1884-இல், சான் ஃபெர்னாண்டோவில் கரும்புத் தோட்டத்து இந்தியத் தொழிலாளர்களின் முஹர்ரம் ஊர்வலத்தின் மேல் துப்பாக்கிச் சூடும் நடந்தது. ஏழைகள் கூடிக் கொட்டடித்துக்கொண்டு வருவதைக் கண்டால் அந்த அரசுக்கு அவ்வளவு நடுக்கம்.

முரசு போன இடத்துக்கு மூங்கில் வந்தது. வெவ்வேறு நீளத்தில் வெட்டிய மூங்கில் குழாய்களைத் தரையில் இடித்தும் ஒன்றோடொன்று தட்டியும் வாசிப்பார்கள். டாம்பூ பாம்பூ என்று பெயர். தடித்த குழாய் பூம், அடித்தாளத்துக்கு. மெலிந்தது கட்டர், அதற்கு மேலே துள்ளுவதற்கு. மூங்கில் தெருவில் இடிபட்டுப் பிளந்துவிடும். அப்போது கையில் அகப்பட்ட டின்னையும் குப்பைத்தொட்டி மூடியையும் எடுத்துத் தாளத்தை விடாமல் பிடித்திருக்கிறார்கள். 1930-களின் கடைசியில் நியூடவுன் பகுதியின் அலெக்சாண்டர்ஸ் ராக்டைம் பேண்ட் மூங்கிலைக் கைவிட்டுத் தகரத்தோடு கார்னிவலில் இறங்கியது.

பிறகு போர். 1942 முதல் 1945 வரை கார்னிவலே கிடையாது. பையன்கள் கொல்லைப்புறங்களில் டின்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். ஐரோப்பாவில் போர் முடிந்த சேதி வந்த நாளில் அந்தத் தகர வாத்தியங்களெல்லாம் தெருவுக்கு வந்தன.

இதெல்லாம் அந்த ஒரு மேசைக்கு முன்னால் நின்று நான் கேட்டது. பெரியவர் சொல்லிக்கொண்டே டின்னை எடுத்து ஒரு தட்டு தட்டுவார், அடுத்ததை எடுப்பார். பிஸ்கட் டின்னிலிருந்து வருவது வெறும் 'தும்'. காஸ்டிக் சோடா டின்னில் இரண்டு இடத்தில் வீங்கவைத்திருப்பதால் இரண்டு சத்தம். இந்த இரண்டு டின்னுக்கும் நடுவே நடந்ததுதான் கண்டுபிடிப்பு.

ஆகஸ்ட் 12, மதியம்

ஸ்ப்ரீ சைமன் விஷயம். ஜான் ஜான் பகுதிக்காரர். தன் டின்னை ஒருவரிடம் இரவல் கொடுக்க, அவர் அடித்து நசுக்கித் திருப்பித் தந்தாராம். இவர் உள்பக்கமிருந்து தட்டி ஒடுக்கு எடுக்கும்போது இடத்துக்கு இடம் சத்தம் மாறுவதைக் கவனித்தார் என்பது கதை. 1946 கார்னிவலில் ஆளுநர் முன்னிலையில் அவர் முழுப் பாட்டுகள் வாசித்ததும் வரலாறு.

ஆனால் நெவில் ஜூல்ஸ் ஹெல் யார்டில் அதே வருடங்களில் அதே வேலையைச் செய்துகொண்டிருந்தார். உட்ப்ரூக்கில் எல்லி மேனட். ஒவ்வொரு பேட்டைக்கும் ஒரு 'முதல் ஆள்' உண்டு. அந்த வீட்டுச் சுவரில் எந்தப் பானுக்குக் கீழேயும் 'முதன்முதலாக' என்று எழுதியிருக்கவில்லை. யார் செய்தது, எந்த யார்டு, தெரிந்தால் வருடம், அவ்வளவுதான். அந்த அடக்கம் எனக்குப் பிடித்திருந்தது. பெரிய கட்டிடத்து அருங்காட்சியகத்துக்கு ஒரு நாயகன் தேவைப்படும். இங்கே அந்த நிர்ப்பந்தம் இல்லை.

ஆகஸ்ட் 12, இரவு 11.15

சுவரில் பக்கத்து பக்கத்தில் இரண்டு பான் மாட்டியிருக்கிறது. இடப்பக்கத்தது சிறிய டின், முகம் வெளியே புடைத்திருக்கிறது. வலப்பக்கத்தது பெரிய பீப்பாய், முகம் உள்ளே குழிந்திருக்கிறது. இந்தப் புடைப்பிலிருந்து குழிக்கு வந்ததுதான் பெரிய தாவல். அதில் பெரும்பங்கு எல்லி மேனட்டுக்கு என்பார்கள். குழித்தால் முகத்தின் பரப்பு கூடுகிறது, இன்னும் நிறைய ஸ்வரத்துக்கு இடம் கிடைக்கிறது. 55 காலன் எண்ணெய் பீப்பாயை எடுத்துக்கொண்டதும் அதற்காகத்தான். போர்க்காலத்தில் சாகுவாராமஸில் அமெரிக்கக் கடற்படைத் தளம், தெற்கே எண்ணெய்க் கிணறுகளும் சுத்திகரிப்பு ஆலையும். காலிப் பீப்பாய்க்குப் பஞ்சமே இல்லாத தீவு.

செய்முறையைப் பெரியவர் வாயால் சொல்லவில்லை, செய்து பாதியில் விட்ட பான்களை வரிசையாக வைத்துக் காட்டினார். பீப்பாயின் அடிப்பக்கத்தைச் சம்மட்டியால் அடித்துக் குழிப்பது முதல் படி. டெனருக்கு ஏறக்குறைய 8 அங்குலம் இறங்க வேண்டும், கிழியாமல். பிறகு சாக்கட்டியால் ஸ்வரங்களின் எல்லையைக் குறித்து, மழுங்கிய முனையுள்ள இரும்பு முளையை வைத்துப் பொட்டுப் பொட்டாகத் தட்டிப் பள்ளம் வெட்டுவது. ஒரு ஸ்வரத்தின் அதிர்வை அடுத்ததிலிருந்து பிரிப்பது இந்தப் பள்ளம். அப்புறம் பக்கச் சுவரை வெட்டுவது: டெனருக்கு ஒரு சாண் உயரம்கூட மிஞ்சாது, பேஸுக்கு வெட்டாமல் அப்படியே. அதற்கப்புறம் நெருப்பில் காட்டுவது. கடைசியில் சின்னச் சுத்தியலால் சுருதி சேர்ப்பது. இந்தக் கடைசி வேலைக்கு ட்யூனர் என்று தனி ஆள். ஊரில் அவருக்கு இருக்கும் மரியாதை தனி.

நெருப்பில் காட்டாத பானையும் காட்டியதையும் தடவிப் பார்த்தேன். காட்டியதில் ஒரு நீலம் ஓடியிருக்கிறது. கவிழ்த்துப் பார்த்தால் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் பின்னால் சுத்தியல் தழும்பு. பழைய டெனர் ஒன்றில் எண்ணெய்க் கம்பெனியின் மஞ்சள் பெயின்ட் இன்னும் ஒட்டியிருந்தது.

ஆகஸ்ட் 13

"தொட விடுவார்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள். தொடாவிட்டால்தான் அவருக்குக் கோபம் வரும். குச்சியைக் கையில் கொடுத்துவிடுகிறார். நுனியில் ரப்பர். பழைய குச்சிகளில் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றியிருக்கும். ஓங்கி அடிக்கக் கூடாது. விரலில் தளர்வாகப் பிடித்து விழவிட்டால் தானே எகிறும். நீண்ட ஸ்வரம் வேண்டுமென்றால் இரண்டு குச்சியாலும் உருட்ட வேண்டும்.

எனக்குக் கொடுத்தது ஆந்தனி வில்லியம்ஸ் வகுத்த அடுக்கில் செய்த டெனர். அவர் பேன் ஆம் நார்த் ஸ்டார்ஸ் பேண்டின் தலைவர், 1963-இல் முதல் பனோரமாவை (கார்னிவலை ஒட்டி நடக்கிற ஸ்டீல் பேண்ட் போட்டி) வென்றவர். சின்ன வயதில் பாட்டு கற்றுக்கொண்டவன் என்பதால் அந்த அடுக்கு எனக்குச் சட்டென்று பிடிபட்டது. வெளிவட்டத்தில் 12 ஸ்வரம். ச-வுக்கு ஒரு பக்கம் ப, மறுபக்கம் ம. ப-வைத் தாண்டினால் ரி, ரி-யைத் தாண்டினால் த. எந்த இடத்தில் நின்றாலும் ஒரு பக்கத்து வீடு அதன் பஞ்சமம், இன்னொரு பக்கத்து வீடு அதன் மத்தியமம். நடுவட்டத்தில் அவற்றின் மேல் ஸ்தாயி, நேர் எதிரே. மிச்சமுள்ளவை நடுவில்.

சரி, இதனால் என்ன லாபம்? ஒரே தகடு என்பதால் ஒன்றை அடித்தால் அக்கம்பக்கத்து ஸ்வரங்களும் கொஞ்சம் சிலிர்க்கும். பக்கத்தில் ஒத்துப்போகாத ஸ்வரம் இருந்தால் சத்தம் கலங்கும். பஞ்சமமும் மத்தியமமும் இருந்தால் அந்தச் சிலிர்ப்பே இனிமை. பெரியவர் என் விரலை நடுவட்டத்து ச-வின் மேல் லேசாக வைக்கச் சொல்லிவிட்டு வெளிவட்டத்து ச-வைத் தட்டினார். விரலுக்கு அடியில் தகடு நடுங்கியது. யூடியூபில் இது எப்படிக் கிடைக்கும்?

ஆகஸ்ட் 14

ஒரு ஸ்வரத்துக்குள்ளேயே அதன் மேல் ஸ்தாயியையும் சேர்த்துச் சுருதி கூட்டுவது இன்னொரு சாதனை. அதில் முன்னோடி என்று பெர்ட்டி மார்ஷலைச் சொல்வார்கள். அதற்கு முன்னால் செய்த பான்களையும் பின்னால் செய்தவற்றையும் அடுத்தடுத்துத் தட்டிப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். முன்னவை டின் சத்தம், பின்னவை மணி. கேட்டவுடன் புரியும், விளக்கமே தேவையில்லை.

ஆகஸ்ட் 15, காலை

"பான் ஆப்பிரிக்கர்களுடையது, இந்தியர்களுக்கு டாஸா மேளம் என்று அங்கே தனித்தனி" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படிக் கோடு போட்டுவிட முடியாது. பான் பிறந்தது லாவென்டில், ஜான் ஜான், உட்ப்ரூக், நியூடவுன் ஆகிய இடங்களில் ஆப்பிரிக்க மரபினரின் கையில். அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் ரெனிகேட்ஸ் பேண்டுக்கு இசை அமைத்து 9 முறை பனோரமா வாங்கித் தந்தவர் ஜித் சமரூ, இந்திய வம்சாவளி. 1982-இல் முதல் வெற்றி, 1995, 96, 97 என்று கடைசியாக அடுத்தடுத்து மூன்று. தம்பி தங்கைகளை வைத்துச் சமரூ ஜெட்ஸ் என்று குடும்ப பேண்டும் நடத்தினார். 2016-இல் காலமானார்.

1845-இல் ஃபேட்டல் ரஸாக் கப்பலில் தொடங்கி 1917 வரை டிரினிடாட்டுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களில் பெரும்பாலோர் கல்கத்தாவில் ஏறியவர்கள். மதராஸில் ஏறியவர்களும் உண்டு. அந்த வீட்டில் சமரூவின் படத்தை வாசலுக்கு எதிரே மாட்டியிருக்கிறார்கள். நான் கேட்காமலேயே பெரியவர் என்னை அதன் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

ஆகஸ்ட் 15, மாலை

டாஸ்போ (டிரினிடாட் ஆல் ஸ்டீல் பெர்கஷன் ஆர்க்கெஸ்ட்ரா) குழு லண்டனுக்கு விமானத்தில் போனது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஒரு சிறு திருத்தம். விமானத்தில் போகவில்லை, 'சான் மத்தேயோ' என்ற கப்பலில் போனது. 1951 ஜூலை. பிரிட்டன் விழாவுக்காக வெவ்வேறு பேண்டுகளிலிருந்து பொறுக்கியெடுத்த குழு. ஸ்ப்ரீ சைமன், எல்லி மேனட், ஆந்தனி வில்லியம்ஸ், ஸ்டெர்லிங் பெட்டன்கோர்ட் எல்லாரும் அதில் இருந்தார்கள். முந்தைய வருடக் கார்னிவலில்தான் இன்வேடர்ஸ், டோக்கியோ என்ற இரண்டு பேண்டுகளுக்கும் தெருவில் அடிதடி நடந்திருந்தது. பேட்டைப் பகையை ஒதுக்கிவைத்துவிட்டு ஒரே கப்பலில் ஏறினார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு நிறைகிறது.

நடத்தியவர் லெப்டினன்ட் ஜோசப் கிரிஃபித், போலீஸ் பேண்ட் நடத்துநர். பன்னிரண்டு ஸ்வரமும் எல்லா வாத்தியத்திலும் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். பேஸுக்கு ஒரே பீப்பாயில் அத்தனையும் அடங்காது என்பதால் ஒரு ஆளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பீப்பாய் கொடுத்தார்கள். முன்கூடத்தில் நான் பார்த்த ஆறு பீப்பாய்க்கு வழிபோட்டது அந்தப் பிடிவாதம்.

ஆகஸ்ட் 17

13-ஆம் தேதி தொடுவதைப் பற்றி அவ்வளவு உற்சாகமாக எழுதியபோது ஒன்றை விட்டுவைத்தேன். அது மனதை விட்டுப் போகவில்லை.

பான் சுருதி நிலைக்காத வாத்தியம். வெயில், வாசிப்பு, ஊர்வலத்தில் வண்டி குலுங்குவது, எல்லாம் தகட்டைத் தளர்த்தும். கார்னிவலுக்கு முன்னால் ட்யூனர் வந்து ஒவ்வொன்றாகச் சரிசெய்தாக வேண்டும். இது வாசிக்கிற பானுக்கு. அருங்காட்சியகத்துப் பானுக்கு? அந்த வீட்டில் 1960-களின் டெனர் ஒன்று இருக்கிறது. பெரியவர் இளவயதில் தெருத்தெருவாகக் கழுத்தில் மாட்டி வாசித்தது. செய்த ட்யூனர் இப்போது இல்லை. ஐந்தாறு ஸ்வரம் இறங்கிவிட்டது. இன்னொரு ட்யூனர் சுத்தியலை எடுத்தால் சுருதி திரும்பும், ஆனால் முதல் ஆளின் கைத்தழும்பு அதோடு அழியும். விட்டால் தழும்பு இருக்கும், பாட்டு இருக்காது.

பெரியவர் தட்டுவதற்கே சம்மதம். "இது படம் இல்லை தம்பி, பான்" என்றார். மகளுக்கு அதில் உடன்பாடில்லை. அந்த மாதிரி பின்பக்கம் இன்னொன்று எங்கேயும் மிச்சமில்லை, தொடக் கூடாது என்கிறார். என் எதிரிலேயே இருவரும் விவாதித்தார்கள். அங்கே நின்றபோது நான் மகள் பக்கம்.

ஆகஸ்ட் 19

நேற்று முழுக்க யோசித்தேன். இப்போது பெரியவர் சொல்வதில் பெரிய நியாயம் தெரிகிறது. அந்த டெனர் புதிதாக இருந்தபோதே வருடாவருடம் சுத்தியல் பட்டதுதான். அதன் பின்பக்கத்தில் இருப்பது ஒரே நாளில் விழுந்த தழும்பா என்ன? பல வருடத்துத் தழும்புகளின் அடுக்கு. இன்னொரு அடுக்கு சேர்வது அதன் வாழ்க்கையைத் தொடர்வது.

ஆனால் சுருதி கூட்டுகிற முறையே அன்றைக்கும் இன்றைக்கும் மாறிவிட்டதே. இன்றைய ட்யூனர் திரையில் அலைவரிசையைப் பார்த்துக்கொண்டு மேல் ஸ்தாயியையும் சேர்த்துக் கூட்டுவார். அந்தக் காலத்துக் கரகரப்பு போய்ப் புதுப் பானின் குரல் வந்துவிடும். மகள் கவலைப்படுவது இதற்காகவும்தான் என்றால் அதையும் ஒதுக்க முடியவில்லை.

பெரிய நிறுவனமாக இருந்தால் இதை ஒரு குழு தீர்மானித்து, கண்ணாடிக்குள் வைத்துப் பூட்டியிருக்கும். வருகிறவர்களுக்கு இப்படி ஒரு கேள்வி இருப்பதே தெரிந்திருக்காது. வீட்டு அருங்காட்சியகத்தில் அது கூடத்தில் உரக்க நடக்கிறது. அந்த விவாதத்தைக் கேட்டதே எனக்கு அந்த வீட்டில் கிடைத்த பெரிய பாடம்.

ஆகஸ்ட் 20

அந்தக் காலத்தில் பான்காரன் என்றால் ரௌடி. பெண் கொடுக்க மாட்டார்கள். பெரியவரின் அம்மா டெனரைத் தூக்கித் தெருவில் எறிந்திருக்கிறார். 1950-களின் தொடக்கத்தில் படித்த பெண்கள் சேர்ந்து கேர்ள் பாட் என்ற பேண்டை ஆரம்பித்தது எவ்வளவு பெரிய துணிச்சல் என்று அதை வைத்துப் பாருங்கள். நடனக் கலைஞர் பெரில் மெக்பர்னி தன் லிட்டில் கரீப் அரங்கில் இன்வேடர்ஸை வாசிக்க வைத்தது 1948-இல். அதற்கப்புறம் எண்ணெய்க் கம்பெனி, விமானக் கம்பெனி எல்லாம் பேண்டுகளுக்குப் பணம் தர வந்தன. 1992-இல் தேசிய வாத்தியம். 2023-இல் ஐ.நா. பொதுச்சபை ஆகஸ்ட் 11-ஐ ஒதுக்கியது. அரசு முத்திரையில் இருந்த கொலம்பஸின் மூன்று கப்பல்களை எடுத்துவிட்டுப் பானை வைப்பது என்று 2025-இல் நாடாளுமன்றமே முடிவு செய்தது. எறிந்த அதே டெனர்தான் இன்றைக்குச் சுவரில் இருக்கிறது, விளிம்பில் அந்த நசுங்கலோடு. அந்த ஒடுக்கை மட்டும் யாரும் எடுக்கக் கூடாது என்பதில் அப்பாவுக்கும் மகளுக்கும் ஒரே கருத்து.

ஆகஸ்ட் 24

கேசட் பெட்டியைப் பற்றி எழுதவே இல்லை. பனோரமாவுக்கு ஒரு பேண்டில் நூறு பேருக்கு மேல் வாசிப்பார்கள். ஏறக்குறைய 8 நிமிடப் பாட்டு, எல்லாருக்கும் மனப்பாடம். பெரும்பாலும் தாளில் எழுதுவது கிடையாது. இசையமைப்பாளர் யார்டுக்கு வந்து ஒவ்வொரு பகுதிக்கும் வாசித்துக் காட்டுவார், அவர்கள் பக்கத்து ஆளுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். கார்னிவல் முடிந்தால் அந்த அமைப்பு மெல்ல மறந்துபோகும். மேடையில் வாசித்தது பதிவாகியிருக்கும். யார்டில் அது உருவான விதம் பதிவாவது அபூர்வம். இவர் வீட்டில் அலமாரி முழுக்க அப்படிப்பட்ட யார்டு கேசட்டுகள். ஒன்றைப் போட்டுக் காட்டினார். ஒரே நாலு வரியை விதவிதமாக மாற்றி மாற்றி வாசிக்கிறார்கள், நடுவில் யாரோ "திரும்ப" என்று கத்துகிறார்கள், நாய் குரைக்கிறது, மறுபடி முதலிலிருந்து. ஈரக்காற்றில் நாடா ஒட்டிக்கொள்ள ஆரம்பித்துவிட்டது. பான்களைவிட இவற்றுக்குத்தான் அவசரம் என்று எனக்குப் படுகிறது. அதைப் பேத்தியிடம் சொன்னேன். கணினிக்கு மாற்றும் வேலையை அவர் ஆரம்பித்துவிட்டார்.

ஆகஸ்ட் 29

மகளிடமிருந்து கடிதம் வந்தது. பழைய டெனரைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார்கள். ஒவ்வொரு ஸ்வரத்தையும் இப்போது இருக்கிறபடியே பதிவு செய்வது, பின்பக்கத்தை நெருக்கத்தில் படம் எடுப்பது, அதற்கப்புறம் இறங்கிய ஸ்வரங்களை மட்டும் ட்யூனர் தொடுவது. மிச்சத்தில் கை வைக்கக் கூடாது. மேல் ஸ்தாயியைச் சேர்த்துக் கூட்டக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறார்கள். ட்யூனர் ஒத்துக்கொண்டாராம், ஆனால் அரைகுறையாக விடுவது தன் கைக்கு வராத வேலை என்று முனகினாராம்.

கேள்வி கேட்டவருக்கு: ஜனவரி சரியான மாதம். அப்போதுதான் யார்டுகளில் பனோரமா பயிற்சி சூடுபிடித்திருக்கும். வீட்டுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். மாலை நாலு மணிக்குப் போனால் ஆற அமரப் பார்க்கலாம். கட்டணம் கிடையாது, ட்யூனர் செலவுக்கு ஒரு உண்டியல் வைத்திருக்கிறார்கள். குழந்தைகளைக் கூட்டிப் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள், அவசியம் கூட்டிப் போங்கள். பேஸை அடிக்கச் சொல்லுங்கள், அதற்குக் கனமான ரப்பர் பந்து வைத்த குச்சி இருக்கிறது, எவ்வளவு அடித்தாலும் தாங்கும். இருட்டினதும் டாக்சி பிடித்து ஏதாவது ஒரு யார்டுக்குப் போய்விடுங்கள். பேஸ் வரிசைக்குப் பின்னால் நிற்காதீர்கள், டெனர் காதில் விழாது.